மலையகத்தில் வாள் செய்வது யார்?

கண்டி எசல பெரஹரா திருவிழாவின் கடைசி நாள் விடியலில், கெட்டம்பேயில் மகாவலி கங்கைக்குள், தேவாலயம் எனப்படும் சிங்களத் தெய்வக் கோயில்களின் பூசகர்களான கப்புறாளைமார் இறங்கி வாளால் தண்ணீரை வெட்டுவார்கள். நீர்வெட்டு என்று நாம் சொல்கிற சடங்கு அது. வெட்டிய இடத்தில் மொண்ட தண்ணீர் குடத்தில் தேவாலயத்துக்குப் போய் அடுத்த வருஷ நீர்வெட்டு வரைக்கும் அங்கேயே இருக்கும். அங்கிருந்து அட்டன் பக்கம் ஏறி ஏதாவது ஒரு தோட்டத்துக் காளியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால், சாமியாடியின் கையிலும் ஓர் அலகு இருக்கும், அரிவாளாகவோ வாளாகவோ. மொழி வேறு, மதம் வேறு, பூசை செய்கிறவர்களின் பரம்பரை வேறு. ஆனால் இரண்டு அலகையும் யாரோ ஒருவர் உலையில் வைத்து அடித்திருக்க வேண்டும். அவர் யார், அந்தத் தொழிலுக்கு எந்த வழியாக வந்தார், எதை நம்பி அந்த வேலையைச் செய்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். மலைநாட்டில் ‘வாள் கொல்லர்’ என்று ஒரு ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். கிடைப்பவர் கத்தி, மண்வெட்டி, அலவாங்கு, சுரண்டி செய்கிற ஆசாரி. இது காலம் கெட்டுப்போனதால் வந்த நிலை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசர் காலத்திலும் வாளை மட்டும் நம்பி எந்தக் கொல்லரும் இங்கே சோறு தின்றதாகத் தெரியவில்லை. வாள் எப்போதாவது வருகிற வேலை. அதைச் செய்யத் தெரிந்த கை மற்ற நாட்களிலெல்லாம் வேறு இரும்பை அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

காற்று ஊதிய உலைகள்

மலைநாட்டு இரும்பின் கதை கண்டியில் தொடங்குவதில்லை. மலைத்தொடரின் தெற்குச் சரிவில், பலாங்கொடைக்குப் பக்கத்துச் சமனலவெவவில் தொடங்குகிறது. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் அங்கே அணைக்கட்டு வேலை நடந்த காலத்தில் கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் மேற்கு பார்த்த மலைமுகடுகளில் வரிசை வரிசையாக இரும்புலைகளின் எச்சங்களைக் கண்டார். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை அவை. ஆச்சரியம் என்னவென்றால், அந்த உலைகளுக்குத் துருத்தியே கிடையாது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை அந்த முகட்டில் அடிக்கிற தென்மேற்குப் பருவக்காற்றுதான் துருத்தி. உலையின் முன்சுவரைத் தாண்டிக் காற்று வேகமாகப் போகும்போது சுவருக்கு மேலே அழுத்தம் குறையும். அதனால் அடியிலுள்ள குழாய்கள் வழியாகப் புதுக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படும்.

இப்படி வேலை செய்யும் என்று அப்போது பலர் நம்பவில்லை. ஜூலெஃப் அதே மாதிரி உலையைக் கட்டி, அதே காற்றில் எரித்துக் காட்டினார். கரிச்சத்து கூடிய நல்ல எஃகே அதில் கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் அந்த முடிவுகள் வெளிவந்தன. 9ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அரபு அறிஞர் அல் கிந்தி ‘சரந்தீப்’ (இலங்கை) எஃகையும் சேர்த்துச் சொன்னதற்கு அப்போதுதான் ஒரு நேரடித் தடயம் கிடைத்தது. இங்கே உருக்கிய எஃகு கடல் தாண்டிப்போய் வேறு நாட்டுக் கொல்லர் கையில் வாளாகியிருக்கிறது. அந்த வாளுக்குப் பெயர் வாங்கியவர்கள் அவர்கள். மலைமுகட்டில் நின்று கரி அள்ளிப் போட்டவர்களின் பெயர் எதிலும் இல்லை.

அதே பலாங்கொடைப் பக்கத்தில் மண்குகையில், அதாவது உருக்குவதற்கான சின்ன மண்கலத்தில், எஃகு காய்ச்சுகிற வேலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் உயிரோடு இருந்தது. அதைப் பார்த்து எழுதி வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழ்த் தகப்பனுக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர். கலை விமர்சகர் என்றே நாம் அவரை அறிவோம். ஆனால் அவர் படித்தது நிலவியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்து மலையெல்லாம் அலைந்தவர். கல்லைத் தேடிப் போனவர் கொல்லரைக் கண்டார். அவர் கண்டபோது அந்த உருக்குத் தொழில் அணைகிற நிலையில் இருந்தது. காரணம் எளிது: கப்பலில் வந்த ஐரோப்பிய இரும்பு மலிவு. கரி சுட்டு, கல் பொறுக்கி, நாள்கணக்கில் காய்ச்சி எடுக்கிற எஃகு விலையில் அதோடு போட்டி போட முடியவில்லை. உருக்குகிறவர் முதலில் போனார், அடிக்கிறவர் மட்டும் மிஞ்சினார். அன்றிலிருந்து இன்றுவரை மலைநாட்டுக் கொல்லர் வேறு எங்கோ உருகிய இரும்பில்தான் வேலை செய்கிறார்.

அரசரின் கொல்லர்

கண்டி இராச்சியத்துக் கொல்லர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கு நமக்குக் கிடைக்கிற மிக நல்ல சாட்சி ஒரு கைதி. 1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பிப்போகும் வரை மலைநாட்டுக் கிராமங்களில் வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ். 1681இல் வெளிவந்த அவருடைய விவரணையில் கொல்லர் பட்டறை ஒன்று கண்முன்னே எழுந்து நிற்கிறது.

ஒவ்வொரு கொல்லருக்கும் இத்தனை ஊர் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த ஊர்களுக்கு வேறு யாரும் வேலை செய்யக் கூடாது. பழைய கருவிகளைச் சரிபார்த்துக் கொடுப்பதற்கு அறுவடையில் இவ்வளவு நெல் என்று வழக்கம். புதுக்கருவி வேண்டுமென்றால் அரிசி, கோழி, சாராயப் போத்தல் என்று ஏதாவது காணிக்கை கொண்டுபோய்ப் பணிவாக நின்று நாள் கேட்க வேண்டும். சொன்ன நாளில் கரியும் இரும்பும் தாங்களே சுமந்து வரவேண்டும். வந்தபிறகும் கொல்லர் தன் முக்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். துருத்தி ஊதுவது வந்தவர். சம்மட்டி அடிப்பதும் வந்தவர். கொல்லர் உட்கார்ந்தபடியே இரும்பைப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் இருக்கிற சின்னச் சுத்தியலால் அவ்வப்போது ஒரு தட்டுத் தட்டி உருவத்தைச் சரிசெய்வார். தேய்க்கிற வேலை இருந்தால் அதையும் முடிந்தவரை கல்லில் அவர்களையே தேய்க்கச் சொல்லிவிட்டு, கடைசியில் அரத்தை எடுத்து முடித்துக் கொடுப்பார்.

படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சின்னச் சுத்தியல்தான் ஆசாரி. எங்கே அடிக்க வேண்டும், எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. சம்மட்டி அதைக் கேட்டு நடக்கிற ஆள். இன்றைக்கும் இரண்டு பேர் வேலை செய்கிற பட்டறையில் இப்படித்தான் நடக்கிறது, வாய் பேசுவதே இல்லை.

நொக்ஸ் இன்னொரு கதையும் சொல்கிறார். ஒரு காலத்தில் உயர்குடிக்காரர்கள் கொல்லர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் இருந்ததாம். ஒரு நாள் சில உயர்குடிக்காரர் கருவி சரிசெய்ய வந்து வெகுநேரம் காத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தது. கொல்லர் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். பசியோடு பட்டறையில் நின்றவர்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொன்னார்கள். இனி அந்தக் குலத்தார் வீட்டில் உயர்குடியார் யாரும் கை நனைப்பதில்லை என்று தீர்ப்பாயிற்று. நடந்ததோ, கட்டியதோ, கொல்லருக்குச் சமூகம் கொடுத்திருந்த இடத்தை இதைவிட நன்றாக ஒரு கதையால் சொல்ல முடியாது. அவர் இல்லாமல் வயல் இல்லை, போர் இல்லை. ஆனாலும் ஒரு கதவைச் சாத்தினால் தரம் இறங்கிவிடும்.

வாள் இந்த ஊர்க்கொல்லர் வேலையில் ஒரு மூலையில்தான் இருந்தது. அரண்மனைக்கான வாள் வேறு இடத்தில் உருவானது. கண்டி அரசருக்கு நான்கு பட்டறைகள் இருந்தன: பொன்வாள், ஆபரணம், சிங்காசனம், மணிமுடி என்று நான்கு வேலைக்கு நான்கு. நவந்தன்ன எனப்படும் கைவினைக் குலத்தவர் பரம்பரையாக அங்கே சேவை செய்தார்கள். சம்பளத்துக்குப் பதில் நிலம். அவர்கள் செய்த கஸ்தானை என்கிற குறுவாளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், இலங்கைக் கொடியில் சிங்கம் பிடித்திருப்பதாகச் சொல்லப்படுவது அதுதான். சற்று வளைந்த ஒற்றை விளிம்பு அலகு, சிங்கமுகமோ மகரமுகமோ கொண்ட கைப்பிடி, வெள்ளியும் பொன்னும் கல்லும் இழைத்த வேலை. பல கஸ்தானைகளில் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது, கைப்பிடி மட்டுமே கண்டி வேலை என்பதையும் கவனிக்க வேண்டும். அது வெட்டுவதற்கான வாளாக அல்ல, அரசர் பிரதானிக்குக் கொடுக்கிற தகுதிச் சின்னமாகவே பெரும்பாலும் வாழ்ந்தது. அதில் கொல்லரைவிடத் தட்டார்தான் அதிகம் உழைத்திருக்கிறார்.

1765இல் ஒல்லாந்தர் படை கண்டிக்குள் புகுந்து கொள்ளையடித்தபோது போனவற்றில் பொன் கஸ்தானை ஒன்றும் வெள்ளி கஸ்தானை ஒன்றும் உண்டு. லெவ்கே பீரங்கி, ஒரு சிங்களக் கத்தி, இரண்டு பெருந்துப்பாக்கிகள் ஆகியவற்றோடு அவை 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து கொழும்புக்குத் திரும்பி வந்தன. அவை போன காலத்தில் கண்டியில் அரசு செய்தது மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வம்சம். 1739 முதல் 1815 வரை அந்த வம்சம்தான். புதிதாக முடிசூடும் அரசர் நாத தேவாலயத்துக்குப் போய் அரசப் பெயரையும் வாளையும் பெற்றுக்கொள்வது கண்டி வழக்கம். பட்டம் முடியில் அல்ல, வாளில் இருந்தது. அந்த வாளும் அரண்மனையில் அல்ல, கோயிலில்தான் கைமாறியது.

1815இல் அரசர் போனார். 1832-33 சீர்திருத்தங்களில் இராஜகாரியம் என்கிற கட்டாயச் சேவையும் போனது. அரசனுக்கு வேலை செய்து நிலம் உண்ட கொல்லருக்கு எசமான் இல்லாமல் போய்விட்டது. ஆனால் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் செய்கிற சேவை அப்படியே நின்றது. 1870இல் பிரிட்டிஷார் அதற்கென்று தனிச்சட்டமே போட்டு, எந்த நிலத்துக்கு என்ன சேவை என்று பதிவுசெய்தார்கள். அரண்மனையைவிடக் கோயில் கொல்லரை நீண்டநாள் வைத்திருந்தது.

செக்ரோலில் ஏறிய கொல்லர்

இந்தக் கதைக்குள் நம்மவர்கள், அதாவது இந்தியாவிலிருந்து தோட்டவேலைக்கு வந்த தமிழர், வருவது 1820களில், கோப்பியோடு. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலத்தில் உழைக்கிற சாதிகள். இரும்பு, மரம், பொன் என்று கைவேலை செய்கிற கம்மாளர் சொற்பம். வந்தவர்களிலும் பலர் பொன்வேலை தெரிந்த பத்தர்கள்; டவுனில் கடை போட்டார்கள். ஆனால் தோட்டத்துக்கு இரும்புவேலை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. காடு வெட்டக் கோடரியும் கத்தியும், ரோட்டுப் போட அலவாங்கு, குழி வெட்ட மண்வெட்டி, புல் எடுக்கச் சுரண்டி. புதுக்கருவி கப்பலில் வந்தது. முதலை மார்க் மண்வெட்டியை இன்றைக்கும் பெரியவர்கள் மறக்கவில்லை. ஆனால் தேய்ந்ததை அடித்து நீட்டுவதும், முறிந்ததை ஒட்டுவதும், புதுப்பிடி போடுவதும் இங்கேதான் நடக்க வேண்டும். அதற்குத் தோட்டத்தில் ஒரு பட்டறை இருந்தது.

நொக்ஸ் கண்ட கொல்லருக்கும் இந்தக் கொல்லருக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். அவர் உட்கார்ந்திருக்க ஊர் வந்து காத்திருந்தது. இவர் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மற்றவர்களைப் போலவே செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் நாட்பெயர் வாங்குகிறவர். நெல் அளப்பவர் இல்லை, கோழி கொண்டுவருபவர் இல்லை. ஆனால் ஒரு விதத்தில் கதவு திறந்தது என்றும் சொல்ல வேண்டும். செக்ரோலுக்குத் தேவை ஆள், குலம் அல்ல. எங்கள் பக்கத்தில் நல்ல கத்தி அடிக்கிறவர் என்று பேர் எடுத்த சிலர் கம்மாளர் அல்லர். பட்டறைக்குச் சம்மட்டி அடிக்கப் போய், பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். இந்தியாவில் அவர்களுடைய ஊரில் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதற்காகத் தோட்டத்தில் சாதி ஒழிந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லயம் என்கிற வரிசை வீட்டில் யாருக்கு எந்தக் காம்பிரா (அறை) என்பதில் அது நன்றாகவே உயிரோடு இருந்தது.

இனி கவ்வாத்துக் கத்திக்கு வருவோம். மலையக இரும்புவேலையின் உச்சம் எது என்று கேட்டால் நான் வாளைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிக் குட்டையாக்க வேண்டும், அதுதான் கவ்வாத்து. உயரமான மலைகளில் நாலு, ஐந்து வருஷம். கீழே இறங்க இறங்க இடைவெளி குறையும். வெட்டுகிற இடம் பெருவிரல் பருமனுள்ள கட்டைக் கிளை. ஒரே வீச்சில், சரிவாக, வழவழவென்று வெட்டுவாய் விழ வேண்டும். கிளை பிளந்தால் தண்ணீர் இறங்கி அழுகும், அந்தப் பக்கம் துளிர் வராது. ஒரு ஆள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான செடி வெட்டுகிறார். ஆக, கத்தி பாரமாக இருந்தால் தோள்பட்டை போய்விடும், லேசாக இருந்தால் வெட்டு இறங்காது. விளிம்பு கடினமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்துச் செடிக்கு ஒருதரம் தீட்ட வேண்டும். அதிகம் கடினமானால் முற்றிய கட்டையில் சொரிந்துவிடும். முதுகு இளகி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முறியும். வாளுக்கு இருக்கிற அத்தனை நிபந்தனையும் இந்தக் கத்திக்கு இருக்கிறது. ஒரு வித்தியாசம், வாளை யாரும் நாள் முழுக்க வீசுவதில்லை.

கவ்வாத்துக்குத் தெய்வமும் உண்டு. மலையகத்து நாட்டார் தெய்வங்களில் பெரும்பாலானவை கூடவே கப்பலேறி வந்தவை: மாரியம்மன், காளி, முனியாண்டி, மாடசாமி. ஆனால் இங்கேயே, தேயிலைக்குள்ளேயே பிறந்த சிலவும் இருக்கின்றன. ஆலையின் ரோதைக்கு (சக்கரத்துக்கு) பக்கத்தில் ரோதைமுனி. கவ்வாத்து மலையில் கவ்வாத்துச்சாமி. ஒரு மலையில் கவ்வாத்துத் தொடங்குகிறபோது கத்திகளை வைத்துக் கும்பிட்டு, ஆள் வெட்டுப்படாமல் வேலை முடிய வேண்டும் என்று பூசை கொடுப்பது வழக்கம். இந்தச் சாமிக்குப் பெரிய புராணம் கிடையாது. ஆபத்து இருக்கிற இடத்தில் ஒரு கல் நடப்பட்டது, அவ்வளவுதான். அரசனுக்கு வாள் தெய்வமானது போல, தோட்டத்தில் கூலிக்காரனின் கத்தி தெய்வத்தின் முன்னால் போய் உட்கார்ந்தது.

உலையடியில் நம்பிக்கை

கம்மாளர் மரபில் விஸ்வகர்மாவுக்கு ஐந்து பிள்ளைகள். மனுவுக்கு இரும்பு, மயனுக்கு மரம், துவட்டாவுக்குச் செம்பும் பித்தளையும், சிற்பிக்குக் கல், விஸ்வக்ஞனுக்குப் பொன். ஐந்தில் முதலில் சொல்லப்படுவது இரும்பு. மற்ற நால்வரின் உளியையும் சுத்தியலையும் செய்து கொடுப்பவர் கொல்லர்தானே என்று ஆசாரிமார் இதற்கு விளக்கம் சொல்வார்கள். குலதெய்வம் காமாட்சி அம்மன். சிங்கள நவந்தன்ன குலத்தவரும் விஸ்வகர்மாவையே தங்கள் முன்னோராகச் சொல்கிறார்கள்; பௌத்தராக இருந்துகொண்டே சொல்கிறார்கள். கண்டிப் பட்டறைக்காரரும் தோட்டத்து ஆசாரியும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போயிருக்கமாட்டார்கள். ஆனால் முதல் தகப்பன் பெயரைக் கேட்டால் இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்வார்கள்.

பட்டறைக்குள் இந்த நம்பிக்கை பெரிய சடங்காகத் தெரியாது. காலையில் உலை மூட்டும்போது ஒரு கற்பூரம். பட்டறைக்கல்லில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. ஆயுத பூசையன்று எல்லாக் கருவிக்கும் ஓய்வு. சாமிக்கான அலகு செய்வதென்றால் கொஞ்சம் கூடும். கோயில்காரர் வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துச் சொல்லுவார்கள். சிலர் முடிகிறவரை மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். முடிந்ததும் எலுமிச்சம்பழத்தில் முதல் வெட்டு.

சரி, வேலை எப்படி நடக்கிறது? இரும்பு பெரும்பாலும் பழைய லொறியின் ஸ்பிரிங் பட்டை. நல்ல எஃகு, ஆனால் பழசு என்றால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். தட்டிச் சத்தம் கேட்டுத்தான் எடுப்பார்கள். கரி சிரட்டைக்கரி. துருத்தி போய்ச் சைக்கிள் சில்லால் சுற்றுகிற விசிறி வந்து, இப்போது கரண்டில் ஓடும் புளோவர். பட்டறைக்குள் எப்போதும் அரை இருட்டு. வெளிச்சத்தில் இரும்பின் நிறம் தெரியாது, நிறம் தெரியாமல் சூடு தெரியாது.

பட்டையை நிமிர்த்தி, நீட்டி, பிறகு விளிம்பை அடித்து மெலிசாக்கத் தொடங்கும்போதுதான் வேலையின் சூட்சுமம் தெரியும். ஒரு பக்கம் மெலிய மெலிய அந்தப் பக்கம் நீளும். நீண்டால் அலகு முதுகுப் பக்கமாக வளையும். நேரான வாள் வேண்டுமென்றால் அடிக்கத் தொடங்கும் முன்னாலேயே அதை விளிம்புப் பக்கமாக வளைத்து வைக்க வேண்டும், அப்போதுதான் அடித்து முடிகிறபோது தானாக நேராகும். சாமி அரிவாளுக்கு முன்வளைவு வேண்டும். ஆகவே அதைவிடக் கூட வளைத்துத் தொடங்க வேண்டும். எவ்வளவு வளைப்பது என்பதற்கு அளவுகோல் இல்லை. அது கவ்வாத்துக் கத்தி நூறு நூறாக அடித்த கைக்குத்தான் தெரியும்.

அப்புறம் தோய்ச்சல். கத்தியென்றால் உலையிலேயே முழுவதும் சூடாகிவிடும். வாள் நீளம், உலையின் நெருப்பு ஒரு சாண் அகலம்தான். ஒரு பக்கம் பழுத்து மறுபக்கம் கறுத்திருந்தால், தோய்க்கிறபோது அலகு முறுக்கிக்கொள்ளும் அல்லது வெடிக்கும். அதனால் தரையில் நீளமாகப் பள்ளம் எடுத்துக் கரி நிரப்பி, அலகு முழுவதும் ஒரே செந்நிறத்துக்கு வரும் வரை இழுத்து இழுத்துச் சூடேற்றுவார்கள். காந்தம் ஒட்டாத சூடு அது. எண்ணெயில் தோய்த்தபின் விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, திரும்ப மெதுவாகச் சூடு காட்டுவார்கள். இரும்பின் மேல் நிறம் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், ஊதா, கடைசியில் நீலம். கத்திக்கு மஞ்சள் தாண்டித் தவிட்டில் நிறுத்துவார்கள். வாளுக்கு ஊதா, நீலம் வரை போவார்கள், முறிவதைவிட வளைவது நல்லது என்று. நிறம் ஓடுவது சில நொடி. அந்த இடத்தில் பேச்சுக் கொடுத்தால் எந்த ஆசாரிக்கும் கோபம் வரும், அது நியாயமான கோபம்.

தொழிலுக்கு வருகிற வழியும் இந்த வரிசையில்தான். முதலில் ஊதுவது. பிறகு சம்மட்டி. பிறகு அரம். சின்னச் சுத்தியல் கைக்கு வர வருஷக்கணக்காகும். தோய்ச்சல் கடைசி. தகப்பன் இருக்கும்வரை மகனுக்குத் தோய்ச்சல் கொடுக்காத குடும்பங்கள் உண்டு. இதை ரகசியம் காப்பது என்று மட்டும் பார்க்கத் தேவையில்லை. ஒரு தவறு ஒரு நாள் உழைப்பையும் ஒரு பட்டையையும் கொண்டுபோய்விடும், அவ்வளவு நட்டம் தாங்குகிற பட்டறைகள் இங்கே இல்லை.

இன்றைக்கு ஊதுவதற்கே பிள்ளைகள் வருவதில்லை என்பதுதான் நிலைமை. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். புழுதியும் சூடும் புகையுமான ஒரு வேலைக்கு, நிச்சயமில்லாத காசுக்கு வா என்று அவர்களைக் கூப்பிட எனக்கு வாய் வராது. கவ்வாத்துக்கு மெஷின் வந்துவிட்டது. டவுன் ஹார்ட்வெயாரில் சீனக் கத்தி பாதி விலைக்குத் தொங்குகிறது. கருவி வேலை குறைந்தால் கை பழகாது. கை பழகாவிட்டால் வருஷத்தில் ஒருதரம் வருகிற சாமி வாளையும் செய்ய முடியாது. வாளுக்கு ஓடர் இல்லாததால் அல்ல, கத்திக்கு ஓடர் இல்லாததால் வாள் வேலை போகிறது.

இதோடு பயமும் சேர்ந்தது. 1977, 1981, 1983 என்று கலவரங்கள் தோட்டங்களைத் தொட்ட காலத்திலிருந்தே, நீளமான அலகோடு தமிழ் ஆள் ஒருவரைக் கண்டால் கேள்வி வரும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிசில் ஒப்படைக்கும்படி அறிவித்தார்கள். அன்றாட வேலைக் கருவிகளுக்கு விலக்கு இருந்தது. கவ்வாத்துக் கத்தி கருவி, சந்தேகமில்லை. கருவறையில் சார்த்தி வைத்திருக்கிற வாள் என்ன? தெரியாத ஆள் வந்து நீள அலகு கேட்டால் ஆசாரி முடியாது என்று தலையாட்டிவிடுவார். கோயில் தலைவர் நேரில் வர வேண்டும், எந்தக் கோயில், எந்தச் சாமிக்கு என்று சொல்ல வேண்டும். கொல்லரின் இந்த ஒழுங்கு சட்டத்தைவிடப் பழையது என்று நினைக்கிறேன்.

பல கோயில்கள் இப்போது கொழும்பிலிருந்து பளபளக்கிற ஸ்டெயின்லெஸ் வாளை வாங்கி வந்துவிடுகின்றன. துருப்பிடிக்காது, பார்க்க அழகு, கைப்பிடியில் கல் பதித்திருக்கும். சுவரில் மாட்டுவதற்கென்றால் அதில் குற்றமில்லை. ஆனால் கருப்பசாமிக்கு அரிவாள் மேல் ஏறி நிற்கிற வழக்கம் உள்ள கோயில்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடைவாளில் அலகு பெரும்பாலும் கைப்பிடிக்குள் இரண்டு விரல் நீளம்தான் போய், ஒரு வெல்டிங்கில் நிற்கும். இரண்டு பேர் முனையையும் பிடியையும் தாங்கிப் பிடிக்க, நடுவில் ஆள் பாரம் ஏறும்போது முதலில் போவது அந்த வெல்டிங். பட்டறையில் அடித்ததில் அலகும் பிடிக்குள் போகிற வாலும் ஒரே இரும்பு. வாங்கப் போகிற நிர்வாகசபைக்காரர்கள் விலை பேசுவதற்கு முன்னால், பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.